உறை பிரிக்காத போன்

எங்கள் வீட்டில் போன் வாங்குவது கிடையாது. போன் இறங்கி வரும். என் வீட்டுக்காரர் இத்ரீஸ் குவைத்தில் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு வாங்குவார். அவர் வைத்திருந்தது எனக்கு வரும். நான் வைத்திருந்தது என் மாமியார் சைதூன் பீவிக்குப் போகும். மாமி வைத்திருந்தது பிள்ளைகளுக்கு விளையாட. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான்கு போன் என் கைக்கு வந்துவிட்டது. புதுப் போனின் கண்ணாடியில் ஒட்டியிருக்குமே மெல்லிசாக ஒரு தாள், அதை நான் ஒரு தடவைகூட உரித்ததில்லை.

இதை ஒரு குறையாகச் சொன்னால் தென்காசியில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டு போன், அதுவும் சும்மா வருகிறது, இவளுக்கு என்ன கொள்ளை என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். கையில் இருக்கிற நான்காவது போனுக்கு இப்போது ஆறு வயது. பேட்டரி உப்பி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கறிவேப்பிலைக் கட்டில் வந்த ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருந்தேன். மாமி அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருக்கு என்று சிரிப்பார்.

நான் ஆரி ஒர்க் செய்கிறவள். கல்யாண ஜாக்கெட்டில் ஜரிகை, மணி, கல் வைத்துத் தைக்கிற வேலை. ஐந்து வருஷமாகச் செய்கிறேன். இலஞ்சியிலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் மணப்பெண்கள் தேடி வருகிறார்கள் என்றால் அது என் கைக்காக. ஆனால் என் கையை அவர்கள் முதலில் பார்ப்பது போட்டோவில். போட்டோவை அனுப்பு, பிடித்தால் வருகிறோம் என்பார்கள். இந்தப் போனில் எடுத்தால் அரக்குச் சிவப்பு காப்பிப்பொடி நிறத்தில் விழும். ஆடி மாதம் வந்துவிட்டால் சாரல் வேறு. மொட்டை மாடியில் வெயில் எட்டிப் பார்க்கிற அஞ்சு நிமிஷத்துக்காக ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற மாதம் அதுதான். அதனால் இந்த ஆடியிலேயே ஒரு போன் வாங்கிவிட வேண்டும் என்று இத்ரீஸிடம் சொன்னேன். அவர் ஆவணிக் கடைசியில் லீவில் வருவதாக இருந்தது. அதுக்குள்ள என்ன, நான் வரும்போது என் போனைத் தந்துவிடுகிறேன், மூணு வருஷம்தான் ஆகிறது, கீறல்கூட இல்லை, எனக்கு இங்கேயே ஒரு புதுசு பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். நல்ல மனுஷன். கேட்டதற்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஆனால் நான் கேட்டது என்ன என்று காதில் விழாது. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் பாவூர்சத்திரத்திலிருந்து கிருபாவின் அம்மா பேசினார்கள். காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம். கிருபாவுக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தம், வரவேற்பு, நிச்சயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு ஜாக்கெட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இலஞ்சிப் பெண் ஒருத்திக்கு நான் போட்ட மாதுளைப் பிஞ்சு டிசைன் வேண்டுமாம், அதன் போட்டோவை உடனே அனுப்பச் சொன்னார்கள். அது என் சொந்த டிசைன். எந்தப் புத்தகத்திலும் பார்த்துப் போட்டதில்லை. போனைத் திறந்து தேடினேன். இல்லை. அதற்கு முன்னால் போட்டவையும் இல்லை. பிள்ளைகள் படம் இருந்தது, பெருநாள் படம் இருந்தது, என் மைத்துனர் குத்தாலத்தில் குளிக்கிற படம் பதினேழு இருந்தது. ஐந்து வருஷத்தில் நான் போட்ட ஆயிரத்துச் சொச்சம் ஜாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை.

போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து இத்ரீஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல் இருபது நாளுக்கு முன்னால் நான்தான் அழித்தேன் என்றார். அவருடைய மெயில் கணக்கு நிரம்பிவிட்டதாம், ஆபீஸ் மெயில் வரவில்லையாம். திறந்து பார்த்தால் பாதி இடத்தை என் படங்கள் பிடித்துக்கொண்டிருந்தனவாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கி வந்த ஒவ்வொரு போனும் அவர் கணக்கோடுதான் வந்திருக்கிறது. நான் எடுத்த படமெல்லாம் என் போனில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவை குவைத்தில் அவர் சட்டைப்பைக்குள் போய் விழுந்துகொண்டிருந்தன.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டுருக்கலாம்லா?" என்றேன்.

"ஜாக்கெட் போட்டோதானட்டி. பிள்ளைய போட்டோல ஒண்ணக்கூட தொடல," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம். என் ஐந்து வருஷ வேலையை ஒரு மனுஷன் டீ குடித்துக்கொண்டே அழித்திருக்கிறான், அழித்ததை மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. கிருபாவின் அம்மாவுக்கு இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் அந்தக் கர்ப்பிணிப் போனையும் அரக்குப் பட்டில் செம்புஜரிகை போட்ட ஒரு துண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாமி வாசலில் வழிமறித்தார். "ஏட்டி, அவன்தான் வருதான்லா, அதுக்குள்ள ஒனக்கு என்ன அவசரம்?" என்றார். வேலை இருக்கு மாமி என்று மட்டும் சொன்னேன்.

குத்தாலம் ரோட்டில் ஜெபசிங் கடை. போன் விற்பார், பழுதும் பார்ப்பார். சீசன் நேரத்தில் அவர் மேசையைப் பார்க்கவேண்டும். அருவியில் நனைந்த போன்கள் வயிறு திறந்து வரிசையாகக் கிடக்கும், அவற்றின் சொந்தக்காரர்கள் தலைகூடத் துவட்டாமல் சொட்டச்சொட்ட நிற்பார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

பேட்டரியை மாற்றித் தரலாம், ஆனால் மாற்றச் சொல்ல மாட்டேன் என்றார். கேமராக் கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை, அது போகாது. கம்பெனிக்காரனும் இதற்கு அப்டேட் தருவதை நிறுத்தி வருஷமாகிறது, இனிமேல் ஒவ்வொரு ஆப்பாக நின்றுபோகும். இதில் ஒரு ரூபாய் செலவழித்தாலும் பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள் அக்கா என்றார். நான் படம் அழிந்த கதையைச் சொன்னேன். அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அழித்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். இருபது நாள் இருக்கும் என்றேன்.

"அப்ப குப்பத்தொட்டிலதான் கெடக்கும். அறுவது நாள் வச்சிருப்பான். அண்ணாச்சி தொட்டியக் காலி பண்ணாம இருந்தாச் சரி," என்றார்.

தொட்டி எங்கே இருக்கிறது என்று அவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே இத்ரீஸ் கூப்பிட்டார். முந்தின நாள் நான் பாதியில் வைத்துவிட்டதால் சமாதானம் பேச எடுத்திருக்கிறார். அவர் சமாதானம் என்பது வேறு விஷயம் பேசுவது. படத்தை அழித்தும் கணக்கில் இடம் வரவில்லையாம், ரூமில் இருக்கிற ஒரு பையன் சொன்னானாம், தொட்டியையும் காலி செய்ய வேண்டுமாம், இப்போது அதைத்தான் செய்யப் போகிறாராம்.

ஒரு நிமிஷம் பொறுங்க, கடையில இருக்கேன் என்றேன். ஜெபசிங் விரலை நீட்டிக் காட்டினார். எல்லாம் என்பதைத் தொட்டேன். மீட்டெடு என்பதைத் தொட்டேன். கிழட்டுப் போன் யோசித்தது, வட்டம் சுற்றியது, சூடேறியது. இத்ரீஸ் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பச்சை, ஊதா, மயில்கழுத்து நிறம், அப்புறம் என் மாதுளைப் பிஞ்சு. நனைந்த தலையோடு நின்ற ஒரு பையன் எட்டிப்பார்த்து, சூப்பரா இருக்கே அக்கா என்றான்.

"என்னட்டி பண்ணுதே?" என்றார் இத்ரீஸ்.

"தொட்டில கெடந்ததெல்லாம் எடுத்து மேல வச்சிட்டேன். இனிமே நீங்க காலி பண்ணலாம்."

அவருக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் சத்தம் போட்டார். லீவு டிக்கெட்டை மெயிலில்தான் அனுப்புவார்களாம், கணக்கு நிரம்பிக் கிடந்தால் எப்படி வரும் என்றார். டிக்கெட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். என் படமெல்லாம் வேறு வீட்டுக்குக் குடிபோகிற வரைக்கும் இங்கேதான் இருக்கும், அதற்குள் ஒன்று குறைந்தாலும் நீங்கள் வருகிற அன்றைக்கு நான் உம்மா வீட்டில் இருப்பேன் என்றும் சொன்னேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக நான் வைப்பதற்கு முன்னால் அவர் போனை வைத்தார்.

அங்கேயே புதுப் போன் பார்த்தேன். ஆடித் தள்ளுபடி என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜெபசிங் கடைப்பெண் ஒரு ரோஸ் கலரை எடுத்து, லேடீஸ் எல்லாம் இதுதான் வாங்குதாங்க என்று நீட்டினாள். நான் பையிலிருந்து பட்டுத்துண்டை எடுத்தேன். என் விலைக்குள் வருகிற ஐந்து போனையும் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, அதே துண்டை ஐந்திலும் படம் எடுத்தேன். துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு பொங்கி வழிந்தது. இரண்டில் செம்பும் தங்கமும் ஒன்றாகத் தெரிந்தன. நான்காவதில் மட்டும் துணி துணியாகவே இருந்தது. எத்தனை மெகாபிக்சல் என்று நான் கேட்கவில்லை. எத்தனை வருஷம் அப்டேட் வரும், பேட்டரி இங்கேயே மாற்றிக்கொள்ள முடியுமா, இந்த இரண்டை மட்டும் கேட்டு அதையே எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்துக் கொடுக்கப் போன பெண்ணிடம், கொடும்மா, நான் பிரிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உறையைக் கிழித்தேன். கண்ணாடித் தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தேன். இதற்கெல்லாம் இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம், இவ்வளவு சந்தோஷம். அந்தப் பெண் மெயில் ஐடி என்ன என்று கேட்டாள். எனக்கு ஏது மெயில் ஐடி? வீட்டுக்காரர் ஐடியைச் சொல்லுங்க அக்கா, எல்லாரும் அதைத்தான் போடுவாங்க என்றாள். புதுசு ஒன்று தொடங்கச் சொன்னேன். பெயர் கேட்டது, சனோபர் என்று நானே அடித்தேன். கணக்கு தொலைந்தால் எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டது, அதற்கும் என் நம்பரைப் போட்டேன். கடவுச்சொல் போடும்போது ஜெபசிங் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படங்களை மாற்ற ஐந்து நாள் பிடித்தது. பழைய போன் அரைமணிக்கு ஒரு தடவை அணைந்துவிடும், அதை ஆறவைத்து மறுபடி தொடங்குவேன். முதல் வேலையாக மாதுளைப் பிஞ்சை அனுப்பினேன், கிருபாவின் ஏழு ஜாக்கெட்டும் எனக்கே வந்தன. மாமி ஐந்து நாளும் என்னிடம் பேசவில்லை, ஆறாம் நாள் தாங்க முடியாமல் விலை என்ன என்று கேட்டார். கடைசிப் படமும் வந்து சேர்ந்ததும் பழைய போனிலிருந்து இத்ரீஸின் கணக்கை வெளியேற்றிவிட்டு, இனி உங்கள் இடம் உங்களுக்கு என்று ஒரு வரி அனுப்பினேன். பதில் வரவில்லை. டிக்கெட் மட்டும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது.

ஆவணிக் கடைசியில் வந்தார். பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குச் சாக்லேட், மாமிக்குப் போர்வை, எனக்கு அவர் வைத்திருந்த போன். நல்லபடியாகத் துடைத்து, புதுக் கவர் போட்டு வைத்திருந்தார். எனக்கு இருக்கே, மாமிக்குக் கொடுங்கள் என்றேன். நல்ல மனுஷன் என்று சொன்னேனே, கொடுத்துவிட்டார். மாமி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து என் போனைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார், கனம் பார்த்தார், கேமரா நல்லா இருக்கே என்றார். கிருபா கல்யாணத்தன்று அவள் அம்மா அனுப்பிய படங்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிசு பண்ணிப் பார்த்தார். இதெல்லாம் நீ போட்டதாட்டி என்று கேட்டார். ஐந்து வருஷமாக அவர் கணக்கிலேயே கிடந்த வேலையை அன்றைக்குத்தான் பார்க்கிறார். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. திரை அணைந்தது. கட்டைவிரலை வைத்தார், திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"என் ரேகையையும் இதுல போட்டு வையி. ஒரு அவசரம்னா திறக்கணும்லா," என்றார், கோபமில்லாமல், உப்பை எடு என்கிற மாதிரி.

"உங்க போன்ல என் ரேகை இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். சட்டைப்பையிலிருந்து அவருடைய புதுப் போனை எடுத்துப் பார்த்தார், மாமியின் இடுப்பில் இருந்த போனைப் பார்த்தார், அதற்கு முந்தின போன்களையெல்லாம் நினைத்தாரோ என்னவோ. இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"பதினாலு வருஷத்துல அவசரம் எனக்கு வராதுன்னு நினைச்சீகளா?" என்றேன்.

அவர் தன் போனைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டார். மாமி உள்ளே போகிற சாக்கில் எழுந்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் கையை நீட்டினேன். அவர் என் போனை என் கையில் கொடுத்தார்.