டெஸ்டர் வீட்டு பிரஷர் மெஷின்

மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதரின் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அதனால் தெருவே அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடும். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றும் முதலில் டெஸ்டரைத்தான் தேடினார். அவராவது, திருந்துவதாவது!

பிரஷர் ஏறவே கூடாது, தினமும் பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் பிரஷர் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மனைவி உப்பு டப்பாவை அவர் கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் ஏற்றினாள். அவருக்கு மட்டும் தனியாகச் சப்பென்று ஒரு சமையல். மெஷினோ தினமும் அதிகம் என்றே காட்டியது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் டெஸ்டருக்கு அந்த மெஷின் மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

மெஷினில்தான் கோளாறு, தனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நாள் அவரே முடிவு கட்டிவிட்டார். தன் ரிப்பேர் கடையில் கரண்ட் அளக்கும் மீட்டர் மேல் சந்தேகம் வந்தால், பழுதில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒரு பொருளில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வீட்டில் அப்படிப்பட்டது எது? மனைவிதான். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவள் இல்லை. தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையால் தூக்குவாள். அவளைப் பிடித்து உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. அவருடையதைவிட அதிகம்.

டெஸ்டருக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டூல் போட்டு ஏறி உப்பை எடுத்துத் தூவிக்கொண்டு சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். மெஷின் தப்பு என்றால் புருஷன் தேறிவிட்டார் என்றுதானே அர்த்தம் என்று அவளுக்கும் உள்ளூர நிம்மதி. பாவம், தன் கையில் காட்டிய எண்ணை அவள் அப்போதே மறந்துவிட்டாள்.

மறுநாள் கடையில் மெஷினைப் பிரித்துப் போட்டார். பம்ப் ஒழுங்காக இருந்தது. டியூபில் கசிவு இல்லை. பேட்டரி புதிது. திரும்பப் பூட்டி, பக்கத்து டீக்கடைக்காரர் கையில் கட்டிப் பார்த்தார், நார்மல். வந்த வாடிக்கையாளர் ஒருவருக்கும் கட்டிப் பார்த்தார், அவருக்கும் நார்மல். தன் கையில் கட்டினார், வழக்கம்போல அதிகம். அப்படியானால் மெஷின் சொன்னதெல்லாம் நிஜம்.

அவருக்குத் தன் பிரஷரைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை. நூற்றுத் தொண்ணூறைப் பார்த்துவிட்டுச் சிரித்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. போட்டது போட்டபடி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கீழ இறங்கு," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஐயோ, உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கில்ல. உனக்கு."

டாக்டரம்மா எல்லாம் பார்த்தார். நல்லவேளையாக இதயத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார். இப்படியே விட்டிருந்தால் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருக்கலாம், இனி ஒரு நாள்கூட மாத்திரை தவறக் கூடாது என்றார். பல பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உனக்கு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"காலைல தல கனமாத்தான் இருக்கும். இவரு இப்படி இருக்கிறப்ப நானும் படுத்துட்டா வீடு என்னத்துக்கு ஆகும்னு விட்டுட்டேன்."

டெஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் வீட்டு மிக்ஸியானாலும் சத்தம் கொஞ்சம் மாறினாலே கண்டுபிடித்துவிடுகிறவர், இவளை எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று அடுப்பில் ஒரே சமையல்தான், அவருக்கு வழக்கமாகச் செய்வது. செய்து போட்டாளே தவிர, அதை அவள் ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. முதல் வாய் போனதும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இதையா இத்தன நாளா சாப்பிட்டீங்க?" அவளுக்குக் கண் கலங்கியது. "நான் வேற உங்கள திட்டிக்கிட்டே இருந்தேன்."

தினமும் அந்தத் தட்டைப் பார்த்து முணுமுணுத்த மனுஷன், இன்னொரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "சாப்பிடு. மாத்திர போடணும்ல."