அடித்தண்ணீர்

எண்ணூர்க் கழிமுகத்தில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்கு ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அன்று எத்திராஜின் முறை. விட்டால் அடுத்தது எப்போது வருமோ.

போன வாரம்தான் மேலே எங்கோ அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து, ஆறு வெளுத்துக் கிடந்தது. இப்போது தெளிந்திருந்தது. படகிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி சுத்தமா கீது, எறங்குடா" என்று தம்பி விமலிடம் சொன்னது எத்திராஜ்தான். பிறந்ததிலிருந்து மிதித்த மணலாயிற்றே, கழியால் குத்திப் பார்ப்பானேன் என்ற மெத்தனம்.

சாம்பல் கலந்த தண்ணீர் கனம். நல்ல தண்ணீருக்கு அடியில் புகுந்து, தரையை ஒட்டியே ஓடும். ஓட்டம் தளர்கிற பள்ளத்தில் சாம்பலை இறக்கிவிட்டுப் போகும். மேலே பார்ப்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. குழாயை இன்னும் அடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லவும் நாதியில்லை.

வலைக்கம்போடு குதித்த விமல் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டியவன், மார்பு வரை போனான். கால்கள் தொடை வரை சாம்பலில் புதைந்துவிட்டன. பதறிப்போன எத்திராஜ் படகைக் கட்டாமலே குதித்தான். கடலிலிருந்து ஏறி வந்த ஓதம் படகை இழுத்துக்கொண்டு போயிற்று. அதைவிட மடத்தனம் வேறில்லை.

மூழ்கி மூழ்கித் தம்பியின் கால்களைச் சுற்றித் தோண்டினான். அள்ள அள்ள நிரம்பியது. மேல்தண்ணீர் உள்ளே ஏற ஏற, அடியில் சாம்பல் தண்ணீர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே, போகிற போக்கில் சாம்பலைப் படியவைத்தது.

"ண்ணா, கீழ இன்னாவோ சூடா ஓடிக்கினே கீது" என்றான் விமல். இருவரும் தொண்டை கிழியக் கத்தியும் கரையில் ஆளில்லை.

தண்ணீர் விமலின் தாடையைத் தொட்டபோது எத்திராஜும் முழங்கால் வரை உள்ளே போயிருந்தான். ஒரு காலைப் பிடுங்கிவிட்டான். மற்றதைப் பிடுங்க, ஊன்றிக்கொள்ள உறுதியாக ஏதாவது வேண்டும். அங்கே அசையாமல் நின்றது விமல் மட்டும்தான். அது விமலுக்கும் தெரிந்தது.

"என் தோள்ல கால வச்சி ஏறுண்ணா. ரெண்டு வூடும் அனாதையா நிக்கக் கூடாது."

மாட்டேன் என்றான் எத்திராஜ். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். அழும்போதும் கால் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் தம்பியின் மூக்கைத் தாண்டியது.

எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் தோளை மிதித்தான். அடியிலிருந்து விமலின் கைகள் அவன் பாதத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டன. கால் விடுபட்ட பிறகும் கொஞ்ச நேரம் அவை தூக்கிக்கொண்டே இருந்தன.