சம்பந்தி போட்ட பாதி

என் வருங்காலச் சம்பந்தி நூலை நக்குகிறாள். எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும் விஷயம் அதுதான். லேஸ் பின்னுகிற ஷட்டிலில் நூல் சுற்றும்போது நுனியை ஒரு நக்கு. வளையத்தை இழுத்து மூடியதும் மிச்ச நூலை உதட்டுக்கு நடுவே வைத்து ஒரு உருட்டு. கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும், ஆனாலும் பல்லால்தான் கடிப்பாள். போதாக்குறைக்கு எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு. அவள் போட்ட லேஸை முகர்ந்தால் பல் டாக்டர் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டும்.

இத்தனைக்கும் எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் சளியையும் மலத்தையும் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

"கண்டவன் சளியெல்லாம் பாக்கறவ, சம்பந்தியம்மா எச்சிலுக்கு இந்த ஆட்டம் ஆடறியே" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"அங்க கையுறை போட்டுக்கறேன். அந்தச் சளிய யாரும் என் பொண்ணு கழுத்துல கட்டல" என்பேன்.

கழுத்தில்தான் கட்டப்போகிறார்கள். என் மகளும் சம்பந்தியின் பையனும் பதிவுத் திருமணம் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளையில் சாதாரண உடுப்பு. அதற்கு லேஸ் கழுத்துப்பட்டை மட்டும்தான் அலங்காரம். அதையும் இரண்டு அம்மாக்களும் ஆளுக்குப் பாதி போட வேண்டும், நடுப்பூவில் நான் இரண்டையும் இணைக்க வேண்டும். இந்தத் திட்டம் என் மகள் மூளையில் உதித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் டாட்டிங், அதாவது ஷட்டிலால் முடிச்சுப் போட்டு லேஸ் பின்னுகிற பைத்தியம் என்று தெரிந்த அன்றே அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. அவங்ககிட்ட உன் கழுவுற வேலைய மட்டும் காட்டிடாத. என் ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தரும் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல, ஏன்னு உனக்கே தெரியும். அவங்க குடிச்ச டம்ளர அவங்க கண்ணு முன்னாடியே கொதிக்க வச்சவ நீ. அத்தை மனசு நோகற மாதிரி ஏதாவது பண்ணினே, நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். என் பெண்ணாயிற்றே. எனக்கு இருப்பதோ ஒரே பெண். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாரா வாரம் சம்பந்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு முக்காலி, முக்காலி முழுக்க அவளுடைய சோதனை லேஸ்கள். டாட்டிங்கில் ஒரு முழு முடிச்சு என்பது இரண்டு அரை முடிச்சு. முதல் அரையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் வரிசை தட்டையாக நிற்காமல் முறுக்கிக்கொள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் செய்கிற தப்பு அது. அவள் அதை வேண்டுமென்றே செய்தாள். பாதி வளையம் முழு முடிச்சு, மீதி வெறும் அரை முடிச்சு. இழுத்து மூடினால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கயிறு போல முறுக்கியும் நின்றது. நானும் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்தவள்தான், எனக்கு இது தோன்றவில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

"இதையே பட்டை முழுக்க ஓட விடலாமா சம்பந்தி?" என்று கேட்டு, அந்த வளையத்தை என்னிடம் நீட்டினாள். அதில் ஈரம் மினுங்கியது.

"நல்லா இருக்கு" என்று இரண்டு விரல் நுனியால் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு விரலையும் தேய் தேய் என்று தேய்த்தேன்.

கடைசி வாரம் அவள் தன் பாதியை முடித்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் அதை மேஜைமேல் விரித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளையத்தின் நூல் நுனியும் பழுப்பேறிக் கிடந்தது, கிராம்பு நாற்றம் குப்பென்று வந்தது. அத்தனை வளையமும் அவள் வாய்க்குள் போய் வந்தவை. இது என் பெண்ணின் கழுத்துச் சதையில், வியர்வையில் ஊறி, நாள் முழுக்கக் கிடக்கும். என்னால் முடியவில்லை.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். கிருமிநாசினி சோப்பைச் சீவிப் போட்டேன். கொதி வந்ததும் லேஸை உள்ளே விட்டு மூடினேன். யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளை நூல், சாயம் போகாது. என் பாதியை இப்படி எத்தனை முறை அலசியிருப்பேன், ஒன்றும் ஆனதில்லை.

எடுத்து உதறிப் பார்த்தேன். தட்டையான பக்கங்கள் இறுகிப்போயிருந்தன, முறுக்குப் பக்கங்கள் புழுவாகச் சுருண்டிருந்தன. என் பாதியோடு சேர்த்து வைத்தால் மூன்று விரற்கடை குட்டை.

நான் புது நூல் வாங்கியதும் முதல் வேலையாக வெந்நீரில் போட்டு அலசிக் காய வைத்துத்தான் ஷட்டிலில் சுற்றுவேன். கடைக்காரன் கை பட்டது, அதைக் கழுவாமல் யாராவது தொடுவார்களா? அதனால் என் நூல் சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கிவிடும். ஊரில் மற்றவர்கள் நூலைக் கழுவாமலே லேஸ் போடுவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

இழுத்துப் பார்த்தேன். ஊசி குத்தித் துணிமேல் விறைப்பாக நிறுத்தினேன். இஸ்திரி போட்டேன். அசையவில்லை. மூடிய வளையத்தைத் தளர்த்துவது நடக்கிற காரியமில்லை, வெட்டத்தான் வேண்டும். வேறு வழியில்லாமல் நடுப்பூவில் இரண்டையும் இணைத்து எடுத்துப் போனேன்.

தையல்காரி கடையில் மகள் உடுப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சம்பந்தி எங்களுக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி பட்டையைக் கழுத்தில் சுற்றி, இடது பக்கம் குத்தினாள், சரியாக வந்தது. வலது பக்கம் தோள் மடிப்பிலேயே நின்றுவிட்டது.

"ஒரு பக்கம் பத்தலையே" என்றாள் தையல்காரி.

மகள் கண்ணாடிக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இத என்ன பண்ணினே?"

சம்பந்தி எழுந்து வந்தாள். தன் பாதியை விரலால் நெருடினாள். சுருண்ட வளையம் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து முகர்ந்தாள். கிராம்பு வாசம் போய் அதில் என் வீட்டுச் சோப்பு வாசம்தான் இருந்திருக்கும். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"அம்மாவ ஏம்மா கேக்கற? நான்தான்" என்றாள். "குடுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல போட்டேன். அளந்து பாக்காம அப்படியே உறையில போட்டுட்டேன். வயசாகுது இல்ல."

"அட, விடுங்க அத்தை. இன்னும் ஒரு வாரம் இருக்கே."

"ஒரு வாரம் தாராளம். புதுசா போட்டுடறேன்."

மகள் என் கையைப் பிடித்து உடை மாற்றும் தடுப்புக்குள் இழுத்துப் போனாள். திரைச்சீலையை இழுத்து விட்டதும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோம்மா. நீதான் கொதிக்க வச்சிருப்பேன்னு நெனச்சேன். அவங்க எச்சில் பட்டுதுன்னு. ஒரு நிமிஷத்துல உன்ன எவ்ளோ கேவலமா நெனச்சுட்டேன். எனக்காக எவ்ளோ மாறியிருக்கே நீ!"

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் இவள் படியேற மாட்டாள்.

"பரவால்லடி. தெரியாமத்தானே நெனச்சே" என்று அவள் முதுகைத் தடவினேன்.

எத்தனையோ அசிங்கத்தை முகம் சுளிக்காமல் பார்த்த எனக்கு, என் குரலைக் கேட்க அப்போது அவ்வளவு அருவருப்பாக இருந்தது. திரைச்சீலை மெல்லியது. அந்தப் பக்கம் ஸ்டூல் கிறீச்சிட்டது, சம்பந்தி அங்கேயேதான் இருந்தாள்.

வெளியே வந்தபோது சம்பந்தி மடியில் காலி ஷட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரலில் கேட்டாள்.

"சம்பந்தி, உங்க நூல்ல கொஞ்சம் குடுங்களேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கழுவினதா இருக்கும்."