பதினான்கு நொடி

மதிப்பீட்டுக்காரப் பெண் வருகிறாள் என்றதும் அப்பா தாமே முகம் மழித்துக்கொண்டார். மகளுக்கு அப்போதே அது நல்லதாகப் படவில்லை.

பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். வயது எண்பத்து மூன்று. இரண்டு வருடத்தில் நாலு முறை விழுந்துவிட்டார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவரும், தையல் வேலை பார்க்கும் மகளும் மட்டும்தான். சுகாதார நிலையத்தின் முதியோர் திட்டத்தில் சேர்ந்த பிறகு, வாரம் இரண்டு தடவை நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை பிரித்து வைத்து, அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் மகள் தெருவையே பார்ப்பாள். தைத்ததைக் கொடுப்பாள், நூல் வாங்குவாள். வேலை எதுவும் இல்லையென்றால் முக்குவரை சும்மா நடந்துவிட்டு வருவாள்.

இப்போது அந்தத் திட்டத்தால் பலன் உண்டா என்று வீடு வீடாகப் பார்க்கிறார்கள்.

வந்தவள் தரையில் நாடா ஒட்டினாள். "அய்யா, எழுந்து இதுவரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். அவசரமே இல்ல."

"நாப்பது வருஷம் நேரம் தவறாம வண்டி எடுத்தவன்மா நான்!"

கழுத்து நரம்பு புடைக்க எழுந்தார். சுவரைத் தொடவில்லை, மகளின் தோளைத் தேடவில்லை. போனார், திரும்பினார், தொப்பென்று உட்கார்ந்தார்.

"பதினாலு செகண்ட்! பிரமாதம் அய்யா!"

மகள் அவளைச் சமையலறைக்குள் அழைத்துப்போனாள். "மேடம், உங்க முன்னாடி காட்டிக்கத்தான் இப்படி நடந்தார். நேத்து பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"புரியுதுக்கா. ஆனா பாத்ததத்தான் நான் எழுத முடியும்."

"நல்லா இருக்கார்னு எழுதினா?"

"நர்ஸ் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க."

"மோசம்னு எழுதினா?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நிறைய வீட்ல அப்படி வந்தா, திட்டத்தால பலனில்லைன்னு மூடிடுவாங்க."

"அப்ப நாங்க எப்படித்தான் இருக்கணும்? சொல்லுங்க, அப்படியே இருந்துடறோம்."

வந்தவள் போனிலிருந்த படிவத்தில் எதையோ குறித்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேள்வி இருக்கா அதுல?"

அவள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பாத்துக்க ஆள் இருக்கா இல்லையான்னு ஒண்ணு இருக்கு. இருக்காங்கன்னு போட்டுட்டேன்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்னம்மா அங்க குசுகுசுப்பு? நான் பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்தான் அய்யா!"

அன்று மாலையே அவரால் காலைத் தூக்க முடியவில்லை. கட்டிலில் கிடத்தும்போது மகள் பொருமினாள். "யாருக்காகப்பா அந்த வீம்பு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ முன்னாடி விழுந்தா, என்னைக் கொண்டுபோய் ஏதாவது இல்லத்துல தள்ளிடுவாங்கன்னு பயந்துட்டேன்மா."

மூண்ட கோபத்தை எங்கே கொட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: நிலைமை சீர், மாதம் ஒரு வருகை. போன் போட்டுக் கேட்டதற்கு, மறுமதிப்பீடு ஆறு மாதம் கழித்துத்தான் என்றார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்கு நர்ஸ் வரவில்லை. பத்து மணிக்கு மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள். முதல் மாடித் திருப்பம்வரை போயிருப்பாள்.

"ஏம்மா!"

விழுந்துவிட்டாரோ? தண்ணீர் கேட்கிறாரோ? கைப்பிடியைப் பற்றியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது குரல் வரவில்லை. வராததுதான் அவளை உலுக்கியது. மூச்சிரைக்க மேலே ஓடினாள்.

அவர் நாற்காலியில் இருந்தபடியே இருந்தார். "மணி என்னன்னு கேட்டேன். எங்க போயிருந்தே?"

"எங்கயும் போகலப்பா," என்றாள்.