சமையலறையில் விட்டுவந்த மைக்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் காலை நீட்டிப் படுப்பார் என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். நினைப்புக்கு என்ன, காசா பணமா. ஞாயிறு விடிந்தும் விடியாமலும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார். உச்சியில் ஏறி, கையோடு கொண்டுபோன சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு, எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆட்களோடு பேசுவார். பொழுதுபோக்குதான். ஆனால் இதற்கு லைசென்ஸ் உண்டு, விதி உண்டு. வண்டியில் உச்சிக்குப் போகக் கூடாது, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடந்துதான் ஏற வேண்டும். குறைந்தது நாலு பேரோடு பேசியாக வேண்டும். மூன்று பேரோடு நின்றுபோனால் அந்த மலை கணக்கில் சேராது.

"இதுல என்னங்க இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார். அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவளுக்கு ரேடியோ இரைச்சல் ஒரு பொருட்டா? வீம்புக்குப் பரீட்சை எழுதி நானும் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கியதோடு சரி. அவரோடு மலை ஏறுவேன், அவர் பேசப் பேச யார் யார் என்று எழுதிக் கொடுப்பேன். அவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் வாய் திறக்க இடம் ஏது?

பேச்சைவிட அவர் சிரிப்புதான் பிரபலம். அடிவயிற்றிலிருந்து கிளம்பும். அவர் கூடத்தில் சிரித்தால் பக்கத்து வீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். ரேடியோவில் அவருக்குச் சிரிப்புக்காரர் என்றே பேர். எத்தனை இரைச்சல் இருந்தாலும் சிரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரேடியோவில் வாயால் பேசாமல் தந்தி மட்டும் அடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. புள்ளியும் கோடுமாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இவருக்கு அவர்கள் என்றால் இளக்காரம். மரங்கொத்திகள் என்பார். லைசென்ஸுக்காக இவரும் தந்தி படித்தவர்தான். பரீட்சை முடிந்த அன்றே அதை மூட்டை கட்டிவிட்டார். என் முறை வந்தபோது அந்தப் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். அதனால் எனக்குத் தந்தி தெரியாது, ஒன்றே ஒன்றைத் தவிர. சாப்பிடும்போது ஸ்பூனால் தட்டில் தட்டிக் காட்டுவார். நாலு தட்டு, சின்ன இடைவெளி, இரண்டு தட்டு. மறுபடியும் அதே.

"இது என்னன்னு சொல்லு பாப்போம். இவனுங்க சிரிக்கிறானுங்களாம்! சிரிப்பைக்கூட எழுத்துக்கூட்டி சிரிக்கிறவனுங்கள எங்கயாவது பாத்திருக்கியா?"

சொல்லிவிட்டுத் தன்னுடைய சிரிப்பைச் சிரிப்பார். தட்டு அதிரும்.

போன வருஷம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பயப்படுகிற கட்டி இல்லை என்றார்கள், நிம்மதியாக மூச்சுவிட்டோம். ஆனால் அதை எடுக்கும்போது குரல் நரம்பு அடிபட்டுவிட்டது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்தார். பேசினால் காற்று மட்டும் வந்தது, டயரில் காற்று இறங்குகிற மாதிரி. ஒருநாள் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டார். "அம்மா, ஐயா பக்கத்துல இருந்தா குடுங்க" என்றான் கடைக்காரன். அன்றோடு போனைத் தொடுவதை விட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் உள் அறைக்குப் போய்விடுவார். என்னோடு மட்டும் பேசுவார், அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

சிரிப்பும் போயிற்று. வாய் விரியும், தோள் குலுங்கும், சத்தம் வராது. அது தனக்கே தெரிந்தபிறகு சிரிப்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. குரல் போனால் போகட்டும், இந்த மனிதர் சிரிக்காமல் இருக்கிறாரே என்று பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் அவர் தாடிக்குச் செய்தி அனுப்பினார். தாடி எங்கள் ரேடியோ சங்கத்து ஆள். தாடியை எடுத்து எத்தனையோ வருஷமாகியும் பேர் மட்டும் போகவில்லை. 'ஞாயிறு சாயங்காலம் வந்து ரேடியோவை எடுத்துட்டுப் போ, உனக்கே உனக்கு' என்று அனுப்பிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார்.

"யாரைக் கேட்டு குடுத்தீங்க?" என்றேன்.

"பேச முடியாதவனுக்கு எதுக்கு ரேடியோ?"

"அப்ப எனக்கு லைசென்ஸ் எதுக்கு? ஞாயித்துக்கிழமை காலைல நாம மலைக்குப் போறோம். நீங்க ஏரியல் கட்டிக் குடுங்க, நான் பேசறேன். சாயங்காலம் தாடி வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

என்ன நினைத்தாரோ, சரி என்று தலையை ஆட்டினார். மேலே போய்க் காற்றுப் பட்டால் மனசு மாறும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அந்த ரேடியோவும் போய்விட்டால் இவர் அந்த உள் அறையைவிட்டு வெளியே வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தது.

எப்போதும் பை கட்டுவது அவர். இந்தத் தடவை முந்தின நாளே நான் கட்டினேன். ரேடியோ, பேட்டரி, ஏரியல் கம்பி, அதைத் தூக்கிப் பிடிக்க நீட்டி மடக்குகிற தூண்டில் கழி, எழுதுகிற தாள் காற்றில் பறக்காமல் இருக்கத் துணி கிளிப், ரொட்டி, அவித்த முட்டை, ஒன்றையும் விடவில்லை. வழக்கம்போல இந்த மலை, இந்த நேரம் என்று இணையத்திலும் போட்டாயிற்று. அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் அவரவர் வீட்டில் ரேடியோ முன்னால் காத்திருப்பார்கள். சிரிப்புக்காரர் இருந்த இடத்தில் நான் போய் உளறிக்கொட்டினால் அவருக்கல்லவா தலைகுனிவு?

அன்று மாலை சமையலறையில் பேசிப் பழகினேன். வெறும் கையோடு பேசிப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. பையிலிருந்த மைக்கை மட்டும் கழற்றி எடுத்துவந்தேன். கெட்டிலைப் பார்த்து வணக்கம் சொன்னேன். ஃபிரிட்ஜுக்குச் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தேன். போகப் போக நாக்கு பழகிவிட்டது. பரவாயில்லையே என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

காலையில் ஏறினோம். பாதி வழிவரை மரநிழல், அதற்கு மேல் புல்லும் பாறையும். அவர் முன்னால் போனார். மூச்சு வாங்குகிற சத்தத்தில் மட்டும் பழைய ஆள் இருந்தார். உச்சியில் வெயில் இதமாக இருந்தது. கழியை நீட்டிக் கல் அணைகொடுத்து நிறுத்தினார். கம்பியின் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினார். ஒரு முடிச்சுக்கூட மறக்கவில்லை. என்னைப் பார்த்து, ஆரம்பி என்று கையைக் காட்டினார்.

நான் பைக்குள் கையை விட்டேன். அப்புறம் இரண்டு கையையும் விட்டேன். அப்புறம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முட்டை உருண்டு போயிற்று.

"என்ன தேடற?" என்றார் காற்றுக்குரலில்.

"மைக் கெட்டில் பக்கத்துல இருக்குங்க."

"கெட்டில் பக்கத்துல ஏன் இருக்கு?"

"நேத்து பேசிப் பழகினேன்ல..."

"மைக் வச்சுக்கிட்டா?"

"கையில அது இல்லாம பேச்சு வரல."

"நல்லது. இப்ப ரெண்டு பேருக்கும் குரல் இல்ல" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. கோபம் என்மேலா, அவர்மேலா, அந்தக் கெட்டில்மேலா என்று தெரியவில்லை. இறங்கிப் போய் எடுத்துவர அரைநாள் ஆகும்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார்.

இது அவர் தொழில் வியாதி. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைப்போல ஒரு பாவம் அவருக்குக் கிடையாது. சாப்பாட்டில் பாதியில் கை கழுவிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"உன் இயர்போன் இருக்கா?"

பாட்டுக் கேட்கப் போகிறாராக்கும் என்று கொடுத்தேன். பேனாக்கத்தியை எடுத்துக் கண்ணெதிரே கம்பியை அறுத்துவிட்டார்.

"ஐயோ, புதுசுங்க!"

நான் கத்தியதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அறுந்த முனையில் இரண்டு கம்பிகளைச் சுரண்டி எடுத்தார். தாளிலிருந்த துணி கிளிப்பைக் கழற்றி, அதன் இரண்டு பிடியிலும் ஒவ்வொரு கம்பியாகச் சுற்றினார். பிடியை அழுத்தினால் கம்பிகள் தொடும், விட்டால் விலகும். இயர்போன் பின்னை ரேடியோவில் தந்திக்கான ஓட்டையில் செருகினார். கிளிப்பை அழுத்தினார். ரேடியோ 'டீ' என்றது.

"உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"பாக்கலாம்."

போனில் ஒற்றைக் கோடு சிக்னல் இருந்தது. இன்றைக்குத் தந்தி மட்டும் என்று இணையத்தில் மாற்றிப் போட்டார். பிறகு அந்தக் கிளிப்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் கிளட்சை விடுகிற மாதிரி இருந்தது. ஒரு எழுத்து, ஒரு யோசனை. தப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து. நெற்றி வியர்த்துவிட்டது. பதில் இல்லை.

மறுபடியும் அடித்தார். அப்போது இரைச்சலுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு ஓசை வந்தது. அதுவும் ஒரு எழுத்து, ஒரு யோசனை என்று நிதானமாக வந்தது. அவர் தாளில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார்.

"அவருக்கும் சரியா வராதா?" என்று கேட்டேன்.

"வரும். நல்லாவே வரும். கூப்பிடறவன் எந்த வேகத்துல அடிக்கிறானோ அதே வேகத்துலதான் பதில் சொல்லணும். அது இவங்க பழக்கம்" என்றார். தாளைப் பார்த்தபடியே, "எனக்காக நடந்து வர்றாங்க" என்றார்.

மரங்கொத்திகள் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தேன்.

இரண்டாவது ஆள் வந்தார், மூன்றாவது ஆள் வந்தார். அதோடு ஓசை அடங்கிவிட்டது. அடித்து அடித்துப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது. மேகம் ஒன்று மலையை மூடிவிட்டு விலகிப் போயிற்று. ரொட்டியைத் தின்றோம். முட்டையைத் தேடிப் பிடித்துத் தின்றோம். கிளிப்பைக் கீழே வைத்தார்.

"போதும். இறங்கலாம்."

"மூணு கணக்குல சேராதுங்க."

"தெரியும்."

அந்தத் 'தெரியும்' என்னை என்னவோ செய்தது. இப்படியே இறங்கினால் மாலையில் தாடி வருவான், ரேடியோ போகும், உள் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். "இயர்போனை அறுத்தீங்கல்ல? அதுக்காவது இன்னொரு தடவை அடிங்க" என்று சண்டைக்கு நின்றேன். என் வாய்க்குப் பயந்து கிளிப்பை எடுத்தார்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது, படபடவென்று, மழை பிடித்துக்கொண்ட மாதிரி. அடுத்த நொடியே அது தன்னை அடக்கிக்கொண்டு நடைவேகத்துக்கு இறங்கியது. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கப்பல்காரர்" என்றார்.

கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவராம் அவர். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வாயால் பேசியதில்லை, தந்தி மட்டும்தான். ஸ்பூனால் தட்டித் தட்டி இவர் அதிகம் கேலி செய்தது அவரைத்தான். நாலாவது ஆளாக வந்து நிற்கிறார்.

தாளில் எழுத்துகள் விழுந்தன. தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'சிரிப்புக்காரரா? ரொம்ப நாளாச்சு. மைக் என்ன ஆச்சு?'

அவர் கிளிப்பை விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டு யோசித்தார். ஆபரேஷன், நரம்பு, எதை எழுதுவாரோ என்று அவர் விரலையே பார்த்தேன். பிறகு அடித்தார். ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட்டு, எனக்குத் தெரியட்டும் என்று தாளிலும் எழுதினார். 'மைக் வீட்டில். மனைவி கெட்டிலோடு பேசினாள்.'

பதில் வந்தது. நாலு புள்ளி, சின்ன இடைவெளி, இரண்டு புள்ளி. மறுபடியும் அதே.

எனக்குத் தெரிந்த ஒரே தந்தி அது. கப்பல்காரர் சிரிக்கிறார்.

என் கணவரின் தோள் குலுங்கியது. வாய் விரிந்தது. சத்தம் வராமல் அப்படியே நின்றுவிடுவாரோ என்று பார்த்தேன். கை கிளிப்பை அழுத்தியது. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே போனார். எழுத்துக்கு எழுத்து யோசித்த மனிதர் இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. ரேடியோவிலிருந்து அவர் சிரிப்பு அந்த உச்சி முழுக்கக் கேட்டது. அது அவர் சிரிப்புதான். எத்தனை வருஷம் கூட இருந்து கேட்டவள், எனக்குத் தெரியாதா? துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் இறங்கி வீட்டுக்கு வந்தபோது தாடி வாசலில் ஒரு பெரிய பையோடு நின்றிருந்தான். அவர் வழக்கம்போல உள்ளே போய்விட்டார். ரேடியோ போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர் சமையலறையிலிருந்து திரும்பி வந்தார். கையில் மைக். அதைத் தாடியிடம் நீட்டினார்.

"என்னண்ணே, மைக் மட்டும் தர்றீங்க? ரேடியோ எங்க?"

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. அவர் வாயைத் திறந்து, அந்தக் காற்றுக்குரலிலேயே சொன்னார்.

"ரேடியோ எனக்கு வேணும்."

தாடி மைக்கை வாங்கிக்கொண்டான். பிறகு, "சரிண்ணே" என்றான். அவன் கையிலிருந்து மைக்கை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"இது எனக்கு வேணும்" என்றேன். "உள்ள வா, டீ போடறேன்."