ஒரு மணி நேரத்துப் படங்கள்

'ஆம்' என்ற பொத்தானை அவன் படித்துப் பார்த்து அமுக்கவில்லை. அதுதான் வினை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தேநீரை உறிஞ்சிக்கொண்டே அந்த மென்பொருளைத் திறப்பான். அது ஏதோ கேட்கும், இவன் 'ஆம்' என்பான், இடப்பக்க ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் வலப்பக்க டிஸ்க்குக்கும் பிரதியாகப் போய்ச் சேரும். மூன்று வருஷமாக இதே கதை. கை தானாகப் போகப் பழகிவிட்டது.

அன்று ஒரு வித்தியாசம் இருந்தது. பிரதி வைத்திருந்த டிஸ்க் போன வாரம் கடகடவென்று சத்தம் போட்டது என்று அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தான். மாட்டிய கையோடு கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டது. புதிதாக வந்த காலி டிஸ்க் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்ள, படங்கள் நிறைந்த டிஸ்க் வலப்பக்கம் தள்ளப்பட்டது. மென்பொருள் யார் எவர் என்று பார்க்குமா என்ன? இடப்பக்கம் ஒன்றுமில்லை, வலப்பக்கத்தையும் அதேபோல ஆக்கிவிடட்டுமா என்று மிகப் பணிவாகத்தான் கேட்டது. இவனும் பெருந்தன்மையாக 'ஆம்' என்றான்.

திரையில் ஓடிய எண் ஐயாயிரத்தைத் தாண்டியபோதுதான் அது ஏறுவது சேர்ப்பதற்காக இல்லை, அழிப்பதற்காக என்று உறைத்தது. சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான். பிடுங்கியபோது எண்பத்தோராயிரம் என்று நின்றிருந்தது. மொத்தமே அவ்வளவுதான்.

அவனுக்கு வேலை ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு பார்ப்பது. உயிர் என்னவோ கேமராவில். எறும்பு, மழைத்துளி, துருப்பிடித்த பூட்டு என்று எடுத்துக் குவித்ததெல்லாம் போனால் போகிறது, அழுதுவிட்டு மறந்துவிடலாம். அவனை நடுங்க வைத்தது ஒரே ஒரு ஃபோல்டர். அதில் அக்காவின் குழந்தை இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன் பிறந்து, ஒன்பதே நாளில், பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தை. குறைமாதத்தில் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த அறைக்குள் யாருக்கும் கைபேசி கிடையாது. தலைமை நர்ஸ் மனம் இரங்கி ஒரே ஒரு மதியம், ஒரே ஒரு மணி நேரம், இவன் கேமராவை மட்டும் உள்ளே விட்டாள். அந்தக் குழந்தைக்கு இந்த உலகத்தில் இருந்த படம் அவ்வளவுதான். "நான் கேக்கற வரைக்கும் யாருக்கும் காட்டாத, நீயும் பாக்காத" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவனும் டிஸ்க்கில் ஏற்றியதோடு சரி, ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

முந்தைய நாள் சாயங்காலம்தான் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நாளைக்கு மூணு மணிக்கு வரேன். அந்தப் படத்த எடுத்து வை."

"சரிக்கா."

"அதுல நான் இருக்கேனாடா?"

"இல்லக்கா. உன்ன அந்தக் கோலத்துல எடுக்க மனசு வரல. பாப்பாவ மட்டும்தான் எடுத்தேன்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எனக்கு அந்த ஒம்பது நாளும் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆபரேஷன், காய்ச்சல், ஊசி. நான் அவளப் பாத்தேன், தொட்டேன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க."

"பாத்தேக்கா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

"நீ அப்படித்தான் சொல்லுவ. என் மனசு நோகக் கூடாதுன்னு ஊரே சேந்து சொல்ற பொய்யின்னுதான் எனக்குத் தோணுது. போகட்டும். மூஞ்சியாவது பாத்துக்கறேன்."

அந்த மூஞ்சியைத்தான் இப்போது இவன் துடைத்து வைத்திருந்தான்.

சத்தம் போட்ட பழைய டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்திருக்குமே என்று கேட்கலாம். இருந்தது. கழற்றிய அன்றே, உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை தாங்காமல், ஸ்குரூவையெல்லாம் கழற்றி, பளபளவென்ற தட்டை வெளியே எடுத்துக் கைரேகை படப் படத் திருப்பிப் பார்த்து, அதையும் நாலு கோணத்தில் படம் எடுத்துவிட்டான் இந்த மகானுபாவன். தட்டு இப்போது சமையலறையில் தேநீர்ப் பாத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. கேமராவின் மெமரி கார்டோ பத்துத் தடவைக்கு மேல் அழித்து எழுதப்பட்டுவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

சொன்னான். மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரருக்குப் போன் போட்டான். உதிரிப் பாகம் வாங்கி வாங்கிப் பழக்கமான மனிதர்.

"அழிச்சதுக்கு அப்புறம் அதுல ஏதாவது எழுதினீங்களா?" என்றார் அவர் எடுத்த எடுப்பில்.

"இல்ல. வயரப் புடுங்கிட்டேன்."

"நல்ல வேளை. அழிச்சாலும் விஷயம் உள்ளதான் இருக்கும், பட்டியல்தான் போயிருக்கும். அதுக்கு மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் தப்பிச்சோம். மறுபடி ஆன் பண்ணிடாதீங்க. டிஸ்க்கக் கழட்டி இங்க கொண்டு வாங்க. கீழ போட்டுடாதீங்க சார்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, துண்டைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது அவன் உயிரும் கூடவே இறங்கி ஏறிற்று. பக்கத்தில் இருந்தவரின் முழங்கை பையில் இடித்தது. "பாத்துங்க!" என்று இவன் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் வேறு இருக்கைக்கே எழுந்து போய்விட்டார். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. ஒரு கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவும் பயம்.

கடை இரண்டாவது மாடியில், ஒரு தையல்கடைக்கு மேலே. மேசை முழுக்க வயிறு திறந்த மடிக்கணினிகள். கடைக்காரர் டிஸ்க்கை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டார், தன் கம்ப்யூட்டரில் செருகினார், மீட்பு மென்பொருளை ஓடவிட்டார்.

"எவ்வளவு வரும்?" என்றான்.

"இப்பவே என்னால சொல்ல முடியாது. நாலு மணி நேரம் ஓடும். ஒண்ணு சொல்லிடறேன். பேரு, ஃபோல்டர், தேதி எதுவும் வராது. வெறும் நம்பரா வரும். உங்க படம் எதுன்னு நீங்கதான் தேடிக்கணும்."

திரையில் ஒரு பச்சைப் பட்டை அசைந்தது. ஒரு சதவீதம். அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் டிஸ்க்தான் நின்றுவிட்டதோ என்று எழுந்து எழுந்து பார்த்தான். பதினேழு சதவீதத்தில் பட்டை அசையாமல் ஆறு நிமிஷம் கிடந்தது. வேண்டுதல் எல்லாம் செய்கிற ஆள் இல்லை அவன். அந்த ஆறு நிமிஷத்தில் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டான்.

இரண்டு மணிக்குப் படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வர ஆரம்பித்தன. கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், வீடு ஏதாவது கட்டறீங்களா? ஒரே செங்கல் சுவரா இருக்கு?"

"லென்ஸ் ஓரத்துலயும் துல்லியமா வருதான்னு பாக்க சுவத்தத்தான் எடுப்பாங்க."

"அதுக்காக முன்னூறு சுவரா?"

வேறு நாளாக இருந்தால் இவனும் சிரித்திருப்பான். சுவர், எறும்பு, பூட்டு, மறுபடி சுவர். பல படங்கள் மேல்பாதி மட்டும் வந்து, கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக நின்றன. குழந்தை இன்னும் வரவில்லை.

மூன்று மணிக்குக் கைபேசி அடித்தது. அக்கா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அக்காவின் போனை எடுக்கப் பயந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் தேர்வில் தோற்றபோதுகூட அவளிடம்தான் முதலில் சொல்லியிருந்தான்.

மூன்றேகாலுக்கு மனைவியிடமிருந்து சேதி வந்தது. 'சொல்லிட்டேன். என்னால மறைக்க முடியல. அக்கா கெளம்பி அங்கதான் வராங்க.'

அந்தச் சேதியைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் கடைக்காரர், "சார், இது யாரு?" என்றார்.

கண்ணாடிப் பெட்டி. மூக்கில் குழாய். ஒரு கைப்பிடி முகம்.

பாய்ந்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. ஒன்றில்லை, இரண்டில்லை, வரிசையாகப் பதினொரு படம். இரண்டு மட்டும் சாம்பல் பட்டை, மற்றதெல்லாம் முழுசு. முதல் படத்தைப் பெரிதாக்கினான். மூடிய இமையின் ஓரத்தில் இருந்த முடிகூடத் தெரிந்தது. அடுத்த படம், அதே முகம், அதே கோணம். அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரம்தான் அந்த லென்ஸ் கைக்கு வந்திருந்தது. கேமராவை மருந்துத் தள்ளுவண்டி விளிம்பில் ஊன்றி வைத்து, லென்ஸின் துளையை ஒன்று புள்ளி எட்டில் தொடங்கி, படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே (எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்) பதினாறு வரைக்கும் போய், ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். செங்கல் சுவரை எப்படிச் சோதிப்பானோ அப்படி. கிடைத்த ஒரே மணி நேரத்தில், சாகக் கிடந்த குழந்தையை வைத்து லென்ஸைச் சோதித்திருக்கிறான். பயம். அந்தச் சின்ன நெஞ்சு குழிந்து குழிந்து எழுவதைப் பார்க்கப் பயந்துபோய், எண்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். படம் போய்விட்டது என்று அக்காவிடம் சொல்வது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். கடைக்காரர் சத்தமில்லாமல் தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றான். "அன்னிக்கு நான் ஒழுங்கா எடுக்கல. எல்லாம் ஒரே படம்தான். புது லென்ஸ டெஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்கேன். என்ன மன்னிச்சுடுக்கா."

அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. முதல் படத்தை நெடுநேரம் பார்த்தாள். விரலால் திரையில் அந்த நெற்றியைத் தொட்டாள்.

"அடுத்தது எப்படிடா?"

"அந்த அம்புக்குறி."

அமுக்கினாள். அதே முகம். முகத்துக்குப் பின்னால் முதல் படத்தில் வெறும் மஞ்சள் மூட்டமாக இருந்தது, இதில் கொஞ்சம் திரண்டிருந்தது. அமுக்கினாள். சாம்பல் பட்டை. அமுக்கினாள். துளை குறுகக் குறுகத் தூரத்தில் இருப்பதும் துலங்கும். அந்த விதி அவனுக்கு மனப்பாடம், நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறான். ஆனாலும் திரையில் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்கும் இப்போதுதான் புரிய ஆரம்பித்தது. குழந்தையின் முகத்துக்கு அப்பால் ஒரு கை. பெட்டியின் பக்கத்துத் துவாரம் வழியாக உள்ளே நீட்டிய கை. புறங்கையில் ஊசியும் பிளாஸ்திரியும், மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை.

"இது யாரு கைடா?"

"அடுத்தத அமுக்குக்கா," என்றான்.

கடைசிப் படத்துக்கு வந்தாள். பதினாறு. வெளிச்சம் போதாமல் எடுத்த படம், சிறு நடுக்கம் இருந்தது. மற்ற நாளில் கண்ணை மூடிக்கொண்டு அழித்திருப்பான். அதில் கையும் தெரிந்தது, கைக்குப் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் குனிந்திருந்த முகமும் தெரிந்தது. தலை கலைந்து, உதடு வெடித்து, காய்ச்சலில் வீங்கிய முகம்.

அக்கா திரைக்கு மிகப் பக்கத்தில் போனாள்.

"கண்ணு தொறந்திருக்குடா," என்றாள். "நான் முழிச்சுட்டுதான் இருந்திருக்கேன்."

"ஆமாக்கா."

"அவளத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்."

"ஆமாக்கா. பாத்தே."

நீட்டிய அந்தக் கையின் சுண்டுவிரலைச் சுற்றி ஒரு சின்ன முஷ்டி மூடியிருந்தது. அக்கா தன் சுண்டுவிரலைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மற்றக் கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அவ என்னப் புடிச்சிருக்காடா," என்றாள்.