வண்டிக்குள் புகைப்புரை

“சாவியைத் தாருங்கண்ணே. உள்ள இருந்து கேக்கணும்.”

ராபின்சன் அண்ணன் கார் சாவியை நீட்டாமல் சஜினின் முகத்தைப் பார்த்தார். பாறசாலையில் சஜினின் கார் ஆடியோ கடையில் நான் சேர்ந்த அன்றே அவன் சொல்லிவிட்டான், கஸ்டமரிடம் சாவி மட்டும் கேட்கக் கூடாது. பாட்டுக்கு முழக்கம் கொடுக்கும் சப்வூஃபர் பெட்டியை நான் வரையலாம், பலகை அறுக்கலாம், திருகு முடுக்கலாம். வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது ஆண்களின் வேலை. பெண் ஏறினால் கடைக்குப் பேர் கெடுமாம். அதனால் நான் செய்த ஒரு பெட்டியின் முழக்கத்தையும் வண்டிக்குள் இருந்து கேட்டதே இல்லை.

“நீ உள்ள போ மலரு,” என்றான் சஜின். “அண்ணே, இது கம்ப்யூட்டர் கணக்காக்கும். படிச்ச புள்ளைன்னு நம்பி விட்டேன்.”

“என்னத்த படிச்சாளோ! பாட்டு போட்டா எருமை செருமுத மாதிரி இருக்கு. போராததுக்கு ஒரு நாத்தம் வேற. பெண்டாட்டி வண்டியில ஏற மாட்டேங்கா.”

என் அப்பா வேதமாணிக்கம் ரப்பர் வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி என்னுடைய பிசிக்ஸ். அதன் தலையில் இவன் பழியைப் போட, நான் உள்ளே போக வேண்டுமாம்.

“சாவி,” என்றேன், நீட்டிய கையை மடக்காமல்.

கொடுத்துவிட்டார். ஏறிக் கதவுகளைச் சாத்திப் பாட்டைப் போட்டேன். முழக்கம் ஒரே ஒரு சுருதியில் வீங்கி, மற்றவற்றில் செத்துக் கிடந்தது. நான் கணக்குப் போட்ட காற்று பெட்டிக்குள் இல்லை. ஏதோ இடத்தை அடைத்திருக்கிறது. அப்போதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நாற்றமா? அப்பாவின் சட்டை மணம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையின் மணம்.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, இருவர் முன்னாலும் பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றினேன். பெட்டியின் உட்சுவர் முழுக்க, அடுக்கின்மேல் அடுக்காக, சஜின் வீட்டுத் தோட்டத்து ரப்பர் ஷீட்.

“நம்ம ரப்பர் இருக்கும்போ வெளிய எதுக்கு வாங்கணும்? அதிர்வைப் பிடிச்சு நிறுத்துமேன்னாக்கும் ஒட்டினேன்,” என்றான். குரல் இறங்கியிருந்தது.

“இத்தனையும் ஒட்டினா காத்து எங்க இருக்கும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

பிய்த்தெடுத்து ஒவ்வொன்றாக அவன் காலடியில் போட்டேன். ஸ்பீக்கரை மாட்டித் திருகுகளை முடுக்கினேன். மறுபடியும் டிரைவர் சீட்டில் நான்தான் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். தாளத்தின் அடி முதுகில் விழுந்தது, நின்றது, அடுத்த அடிக்கு இடம் விட்டு விலகியது. இழுவை இல்லை, செருமல் இல்லை. கண்ணாடி நடுங்கியது. ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.

“அம்மாடியோ, இதாக்கும் பெட்டி!” ராபின்சன் அண்ணன் சிரித்தார். “எருமையை எங்க மக்கா அவுத்து விட்ட?”

“நம்ம கடைப் பெட்டியில்லா அண்ணே,” என்று சஜின் அதன்மேல் கடை ஸ்டிக்கரை ஒட்டினான். பிறகு என் பக்கம் குனிந்தான். “இந்த வாட்டி போட்டும். இனி சாவி கேக்கப்படாது, கேட்டியா?”

கேட்டேன். பலகை அறுக்கும் என் ஜிக்சாவையும் அளவு டேப்பையும் பைக்குள் வைத்தேன்.

“எங்க போற?”

“வீட்டுக்கு. பக்கத்துல ஒரு சாய்ப்புக் கொட்டகை சும்மா கெடக்கு. இனி பெட்டி அங்கதான் செய்வேன். சாவியைத் தாறவங்களுக்கு மட்டும்.”

சாவியை ராபின்சன் அண்ணன் கையில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். அவர் மறுபடியும் பாட்டைப் போட்டிருக்க வேண்டும். பக்கத்து உரக்கடையின் ஷட்டர் அடிக்கு அடி அதிர்ந்தது. வளைவு தாண்டியும் என் செருப்புக்கு அடியில் அந்த முழக்கம் வந்துகொண்டே இருந்தது.